தலைவரை எதிர்க்கப் போகிறீர்களா?

முதலில் பசியாறுங்கள். வெறும் வயிற்றோடு யாரும் தலைவரை எதிர்க்கக் கூடாது. இலங்கையில் மைத்திரிபால சிறிசேன 2014 நவம்பரில் ஓர் இரவு அன்றைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவோடு ஒரே மேசையில் உட்கார்ந்து ஆப்பம் சாப்பிட்டார். அப்போது அவர் மகிந்தவின் அமைச்சர். கட்சியின் பொதுச்செயலாளரும் அவரே. ஆப்பம் செரிப்பதற்குள், அதாவது மறுநாளே, மகிந்தவை எதிர்த்து ஜனாதிபதித் தேர்தலில் நிற்பதாக அறிவித்தார். 2015 ஜனவரி 8ஆம் தேதி வாக்கெடுப்பு. ஜெயித்தும் விட்டார். பதவிக்காலம் ஏறக்குறைய இரண்டு வருடம் மிச்சமிருக்கும்போதே தேர்தலை வைக்கச் சொல்லி மகிந்தவுக்கு நல்ல நாள் குறித்துக் கொடுத்த ஜோதிடரின் பாடு வேறு கதை.

பினாங்கில் தலைவரோடு சாப்பிட ஒரு சிரமமும் இல்லை. லிட்டில் இந்தியாவில் எந்த அஞ்சடியில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாலும், பக்கத்து மேசையில் ஒரு தலைவரோ முன்னாள் தலைவரோ ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருப்பார். கோயில், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம், மரண சகாய நிதி, பந்து விளையாட்டுக் கழகம், கட்சிக் கிளை என்று எல்லாவற்றுக்கும் தலைவர் உண்டு. அவர்களை எதிர்க்க நினைக்கிற ஆளும் உண்டு. அந்த ஆள்தான் கோப்பி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் பேசிக்கொண்டிருப்பார்.

அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நான் துறைமுகத்தில் டேலி கிராணியாக இருந்தவன். கொள்கலன் எல்லாம் அக்கரை பட்டர்வொர்த்துக்குப் போகுமுன், தொங்கானில் வந்த மூட்டையை ஆள்கள் தோளில் தூக்கிக் கிடங்குக்குள் கொண்டுபோன காலம். நான் கிடங்கு வாசலில் நின்று ஐந்தைந்தாகக் கோடு கிழிப்பேன். நான்கு நிமிர்ந்த கோடு, குறுக்கே ஒன்று. கப்பல்காரன் பக்கத்திலும் ஒரு கிராணி நின்று கோடு கிழிப்பான். சாயங்காலம் இரண்டு தாளையும் ஒத்துப் பார்ப்போம். கிடங்குக்குள் ஆயிரம் மூட்டை அடுக்கியிருக்கட்டும், இரண்டு தாளிலும் 990 என்றால் 990தான். மீதிப் பத்து மூட்டை இந்த உலகத்தில் இல்லை. அந்த வேலையில் நான் கற்றதற்கு மேல் அரசியலில் எதையும் கற்கவில்லை. கற்க வேண்டியிருக்கவும் இல்லை.

ஆகவே முதல் யோசனை: தலைவரின் குறைகளைப் பட்டியல் போடாதீர்கள். அதைத்தான் எல்லோரும் முதலில் செய்கிறார்கள். ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து கணக்குக் காட்டாதது, மச்சானுக்குக் குத்தகை கொடுத்தது, கூட்டத்தில் கையை நீட்டிப் பேசியது என்று 17 குற்றச்சாட்டு எழுதிவிடுவார்கள். அதெல்லாம் தலைவருக்கும் தெரியும், உறுப்பினருக்கும் தெரியும், தேங்காய் உடைக்கிறவருக்கும் தெரியும். வேண்டியது வேறொரு பட்டியல். உறுப்பினர் பட்டியல். அது யார் வீட்டு அலமாரியில், எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டுப் பிறகு பேச வாருங்கள்.

தலைவர் என்ற சொல்லைக் கேட்டால் என் வயதுக்காரர்களுக்கு இன்றைக்கும் ஒரே முகம்தான் தோன்றும். துன் சாமிவேலு. 1979 அக்டோபரில் டான் ஸ்ரீ மாணிக்கவாசகம் காலமானபின் ம.இ.கா.வின், அதாவது மலேசிய இந்திய காங்கிரஸின், பொறுப்புக்கு வந்தவர், 2010 டிசம்பர் 6ஆம் தேதிதான் இறங்கினார். 31 வருடம். இடையில் பிரதமர்கள் மாறினார்கள், பினாங்குப் பாலம் கட்டி முடிந்தது, எனக்குத் தலைமுடி கொட்டியது. அவர் மட்டும் இருந்தார்.

அவர் அந்த இடத்துக்கு எப்படி வந்தார் என்பதை எதிர்க்க நினைக்கிறவர் மனப்பாடம் செய்ய வேண்டும். 1977இல் துணைத் தலைவர் பதவிக்கு அவரும் சுப்பிரமணியமும் மோதினார்கள். சாமிவேலு 26 வாக்கில் ஜெயித்தார். டேலி கிராணிக் கணக்கில் சொன்னால், 14 பேர் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் முடிவே மாறியிருக்கும். ஒரு வேன் ஆள். துணைத் தலைவராக இருந்ததால்தான் இரண்டு வருடம் கழித்துத் தலைவர் நாற்காலி தானாக அவரிடம் வந்தது. அந்த 26ஐ அவர் கடைசிவரை மறக்கவில்லை என்பது என் எண்ணம். வாக்கு எண்ணுகிற மேசை வரைக்கும் விஷயத்தைப் போக விடக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்திருப்பார்.

எப்படி முடியும் என்கிறீர்களா? கட்சியின் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் கிளைத் தலைவர்கள். கிளையை ஏற்பதும் தள்ளுவதும் தலைமையகம். தலைமையகத்தில் உட்கார்ந்திருப்பவர் தலைவர். மாமியாரைத் தேர்ந்தெடுக்கிற உரிமை மருமகளுக்கு. மருமகளைத் தேர்ந்தெடுக்கிற உரிமை மாமியாருக்கு. இந்த ஏற்பாட்டில் குடும்பம் எவ்வளவு ஒற்றுமையாக இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கிளை என்றால் பெரிய கட்டடத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். நான் பார்த்த ஒரு கிளை, அடுக்குமாடி வீட்டின் பதினோராம் மாடியில், சமையலறை அலமாரியில் இருந்தது. ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் ரப்பர் முத்திரை. மஞ்சள் தூள் டப்பாவுக்கு அடியில் மினிட் புத்தகம். அப்பா தலைவர், அம்மா மகளிர் பிரிவு, கோலாலம்பூரில் வேலை செய்யும் மகன் இளைஞர் பிரிவு. ஆண்டுக்கூட்டம் எப்போது என்று கேட்டேன். "போன வாரம் நடந்துச்சே, நீங்கதான் வழிமொழிஞ்சீங்க" என்றார் கிளைத் தலைவர். நான் அந்தக் கட்சியில் உறுப்பினரே இல்லை.

அடுத்தது வேட்புமனு. இதில் தடுக்கி விழாதவர் அபூர்வம். 2008 மார்ச் 8ஆம் தேதி பொதுத்தேர்தலில் சாமிவேலு 1974 முதல் வைத்திருந்த சுங்கை சிப்புட் தொகுதியையே இழந்தார். இனி என்ன, கட்சியிலும் ஆட்டம் முடிந்தது என்றுதான் நாங்கள் கோப்பிக்கடையில் பேசிக்கொண்டோம். 2009இல் கட்சித் தலைவர் தேர்தல் வந்தது. முத்துபழனியப்பன் என்பவர் எதிர்த்து நிற்க மனு கொடுத்தார். செல்லுபடியாகும் முன்மொழிவுகள் போதவில்லை என்று மனு தள்ளுபடி. நாட்டுத் தேர்தலில் தோற்றவர் கட்சித் தேர்தலில் போட்டியின்றி ஜெயித்தார். ஊரில் விலைபோகாத மாடு வீட்டில் மட்டும் ஏலமில்லாமல் விற்றதைப் போல.

தமிழன் கட்சியில் மட்டும்தான் இப்படி என்று தலையில் அடித்துக்கொள்ள வேண்டாம். நாட்டின் பெரிய கட்சியான அம்னோவில் தெங்கு ரசாலி ஹம்சா 2008இல் தலைவர் பதவிக்கு நிற்க விரும்பினார். 58 தொகுதிகளின் முன்மொழிவு வேண்டும். அவருக்குக் கிடைத்தது ஒன்று. அந்த ஒன்றும் அவருடைய சொந்தத் தொகுதி குவா மூசாங். இதே ரசாலி 1987 ஏப்ரலில் மகாதீரை நேருக்கு நேர் எதிர்த்து 718 வாக்கு வாங்கியவர், மகாதீருக்கு 761. வித்தியாசம் 43. அப்படி மயிரிழையில் தப்பிய தலைவர் சும்மா இருப்பாரா? ஒரு காலத்தில் அந்தக் கட்சியில் ஒரு தொகுதி உங்களை முன்மொழிந்தாலே 10 போனஸ் வாக்கு என்று விதி இருந்தது. பந்தயம் தொடங்குமுன்பே முன்னால் நிற்கிற குதிரைக்குப் பாதி தூரம் தள்ளுபடி.

இங்கே என் சொந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் போனால், இவ்வளவு தெரிந்தவன் ஏன் தலைவராகவில்லை என்று கேட்பீர்கள்.

துறைமுகத்து ஆள்கள் சேர்ந்து நடத்திய ஒரு மரண சகாய சங்கம். பெயர் வேண்டாம். மாதம் 2 வெள்ளி சந்தா. உறுப்பினர் இறந்தால் ஈமச்செலவுக்குக் கொஞ்சம் பணம் குடும்பத்துக்குப் போகும். தலைவர் 19 வருடமாக ஒருவரே. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சாவு வீட்டுக்கு முதலில் வந்து பந்தல் கயிற்றைப் பிடிப்பவர். ஆனால் மூன்று வருடமாகக் கணக்கு வாசிக்கவில்லை. எங்களோடு மூட்டை தூக்கிய ஒருவர் இறந்து, அவர் மனைவி ஐந்து மாதம் அலைந்தும் பணம் வரவில்லை. அந்த அம்மா கையில் பழைய சாக்குப்பை போல ஒரு பை. அதற்குள் சந்தா அட்டை, இறப்புப் பத்திரம், அடையாள அட்டையின் நகல் எல்லாம் பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்திருப்பார். ஒருநாள் மழையில் ஸ்வெட்டன்ஹாம் பியர் வாசலில் அதைப் பிரித்து என்னிடம் காட்டினார். அன்றைக்கு நான் தலைவரை எதிர்ப்பது என்று முடிவு செய்தேன்.

61 பேர் எனக்கு வாக்களிப்பதாகச் சொன்னார்கள். 61 பேருக்கும் கோப்பி வாங்கிக் கொடுத்தேன். சிலருக்கு மீ கோரெங்கும் சேர்த்து. டிசம்பர் 31க்குள் ஆண்டுச் சந்தா கட்டியவர்களுக்குத்தான் வாக்குரிமை. அதுவும் எனக்குத் தெரியும். டிசம்பர் 20 வாக்கில் பொருளாளரைக் கோப்பிக்கடையில் பார்த்து 24 வெள்ளி கொடுத்தேன். மனிதர் சட்டைப்பையைத் தடவினார். "ரசீது புஸ்தகம் வீட்டுல இருக்குண்ணே, அப்புறம் எழுதித் தாரேன்" என்று, சிகரெட் பெட்டியைக் கிழித்து அதன் உள்பக்கத்தில் என் பெயரையும் 24 என்ற எண்ணையும் பென்சிலில் குறித்துக்கொண்டார். ஆயிரக்கணக்கான மூட்டைக்குக் கோடு கிழித்தவன் நான். அந்தச் சிகரெட் அட்டையைப் பார்த்துச் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளி மண்டபத்தில் ஆண்டுக்கூட்டம். வாசலில் வாக்குரிமை உள்ளவர்களின் பட்டியல் ஒட்டியிருந்தது. மேலிருந்து கீழாகப் பார்த்தேன், கீழிருந்து மேலாகப் பார்த்தேன். என் பெயர் இல்லை. என்னை முன்மொழிவதாகச் சொன்னவர் மருமகன் நிச்சயதார்த்தத்துக்குப் பட்டர்வொர்த் போயிருந்தார். தலைவர் வந்து என் தோளில் கை போட்டார். "ஏன் தம்பி, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே உனக்குக் கட்டியிருப்பேனே" என்றார். குரலில் உண்மையான வருத்தம். பிறகு மேடைக்கு அழைத்தார். சங்கத்தின் மூத்த உறுப்பினர், நீண்ட நாள் சேவை என்று நாலு வார்த்தை பேசி எனக்குப் பொன்னாடை போர்த்தினார். கை தட்டினார்கள். அந்த 61 பேரும் தட்டினார்கள்.

பொன்னாடையைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். அதைப் போர்த்திக்கொண்டு ஒரு மனிதனால் கும்பிட முடியும், சிரிக்க முடியும், படத்துக்கு நிற்க முடியும். எதிர்க்க முடியாது. போதாததற்கு அது வழுக்கும்; ஒரு கை அதைப் பிடித்துக்கொள்ளவே சரியாக இருக்கும். கூட்டம் முடிந்து மீஹூன் சாப்பிட்டுவிட்டு வந்தேன். நன்றாகத்தான் இருந்தது. பொருளாளர் வேண்டுமென்றே செய்தாரா, மறந்துபோனாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். சங்கம் அவர் குடும்பத்துக்கும் பணம் கொடுத்தது. ஐந்து மாதம் கழித்து.

சரி, மேலே போவோம். நீதிமன்றத்துக்குப் போகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். போவதற்கு முன் கட்சியின் சட்டவிதிகளைக் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். அம்னோவில் 1987இல் தோற்ற அணியினர் தேர்தல் செல்லாது என்று வழக்குப் போட்டார்கள். பதிவு செய்யாத 30 கிளைகள் இருப்பதை எடுத்துக் காட்டினார்கள். நீதிபதி ஹருன் ஹாஷிம் 1988 பிப்ரவரி 4ஆம் தேதி தீர்ப்புச் சொன்னார்: பதிவு செய்யாத கிளைகள் இருப்பதால் 1966ஆம் ஆண்டின் சங்கச் சட்டப்படி கட்சியே சட்டவிரோதம். எலியைப் பிடிக்கச் சொன்னால் வீட்டையே இடித்துவிட்ட கதை. மகாதீர் புதுக் கட்சி பதிந்து பழைய பெயரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். வழக்குப் போட்டவர்கள் வெளியே நின்றார்கள். அதன் பிறகு சட்டத்தையே திருத்தி, கட்சியின் உள்விவகாரத்தில் கட்சி எடுப்பதே இறுதி முடிவு, நீதிமன்றம் கேள்வி கேட்க முடியாது என்று எழுதிவைத்துவிட்டார்கள்.

ம.இ.கா.வில் நடந்தது இதைவிட ருசியானது. 2013 உட்கட்சித் தேர்தலில் கோளாறு என்று சங்கங்களின் பதிவதிகாரி 2014 டிசம்பரில் மறுதேர்தல் நடத்தச் சொன்னார். அப்போதைய தலைவர் பழனிவேல் அதை எதிர்த்து நீதிமன்றம் போனார். 2015 ஜூனில் மனு தள்ளுபடியானது. கட்சி விதி 91 என்று ஒன்று உண்டு: கட்சி விவகாரத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகிறவர் உறுப்பினர் தகுதியை இழப்பார். எதிர்ப்பாளர்களுக்கென்று வைத்திருந்த பொறி. அதில் தலைவரே காலை விட்டார். டாக்டர் சுப்பிரமணியம் தலைவரானார். தலைவரை வீழ்த்த ஒரே வழி, அவரையே நீதிமன்றத்துக்குப் போக வைப்பதுதான் என்று அந்த வாரம் கோப்பிக்கடையில் ஒருவர் சொன்னார். அந்த யோசனைக்குக் காப்புரிமை அவருடையது.

சுப்பிரமணியம் என்ற பெயரைக் கேட்டுக் குழம்பாதீர்கள். இவர் டாக்டர். முன்பு சொன்னவர் டத்தோ. இருவரும் ஒருவர் பின் ஒருவராக சிகாமட் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர்கள். டத்தோ சுப்பிரமணியம் 1977இல் 26 வாக்கில் தோற்றார். 1989இல் தலைவர் பதவிக்கே நின்று தோற்றார். பிறகு துணைத் தலைவராகத் திரும்பி வந்து, 2006இல் அதையும் பழனிவேலிடம் இழந்தார். கிட்டத்தட்ட 30 வருடம் ஒரே மனிதருக்கு எதிரியாகவும் துணையாகவும் இருப்பதற்குத் தனிப் பொறுமை வேண்டும். நம் வீடுகளில் அதற்குத் தாம்பத்தியம் என்று பெயர்.

உணர்ச்சிவசப்பட்டு எதிர்ப்பதும் ஒரு வழி. எம்.ஜி. பண்டிதன் ம.இ.கா.வின் உதவித் தலைவராக இருந்து 1988இல் நீக்கப்பட்டவர். சவப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு தலைமையகத்திலேயே உண்ணாவிரதம் இருந்தார். துணிச்சல்காரர், சந்தேகமில்லை. 1990இல் இந்திய முற்போக்கு முன்னணி என்று தனிக் கட்சி கண்டார். அந்தக் கட்சி பின்னாளில் அன்றைய ஆளும் கூட்டணியான தேசிய முன்னணிக்கு ஆதரவு கொடுத்தும், அந்தக் கூட்டணிக்குள் உறுப்பாகச் சேரமுடியாமல் வாசலிலேயே நின்றது. உள்ளே கதவுப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் யாரென்று உங்களுக்குத் தெரியும்.

2010 மே மாதத்தில் ம.இ.கா. இளைஞர் பிரிவுத் துணைத் தலைவர் வி. முகிலன் பதவி நீக்கப்பட்டார். உடனே அவர் சாமிவேலு எதிர்ப்பு இயக்கம் ஒன்றைத் தொடங்கினார். மலாயில் அதன் முதலெழுத்துகள் சேர்ந்து 'காஸ்' என்று வரும். பெயர் வைக்கும்போது இரண்டு முறை வாசித்துப் பார்ப்பது நல்லது. அடுப்பில் வைத்தால் எரியும், திறந்துவைத்தால் பறந்துவிடும். என்றாலும் அதே வருடம் டிசம்பரில் தலைவர் இறங்கினார். நாங்கள்தான் இறக்கினோம் என்று அவர்கள் சொன்னார்கள். நானாக இறங்கினேன் என்று அவர் சொன்னார். சொன்ன தேதியை இரண்டு மூன்று முறை அவரே மாற்றிய பிறகு இறங்கியதால், நாங்கள் யாரையும் நம்பவில்லை.

கூட்ட மேடையில் பேசி எதிர்ப்பதாக இருந்தால் கையில் கொடுக்கிற பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு மேடை ஏறுங்கள். 1998 ஜூனில் அம்னோ மாநாட்டில் இளைஞர் பிரிவுத் தலைவர் சாஹிட் ஹமிடி, வேண்டியவர்களுக்குச் சலுகை, சொந்தக்காரர்களுக்குக் குத்தகை என்று பேசினார். யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ அவருக்குப் போய்ச் சேர்ந்தது. மகாதீர் பங்கு ஒதுக்கீடு பெற்றவர்களின் பட்டியலை வெளியிட்டார். எதிர்ப்பவர்களின் பெயரும் அதில் இருந்தது. பேராளர்களுக்குக் கொடுத்த பையிலோ, அன்றைய துணைப் பிரதமர் அன்வார் ஏன் பிரதமராகக் கூடாது என்பதற்கு ஐம்பது காரணம் அடுக்கிய ஒரு புத்தகம். அந்த செப்டம்பர் 2ஆம் தேதி அன்வார் அமைச்சரவையிலிருந்து நீக்கப்பட்டார். எங்கள் அக்கரைக்காரர் அவர். அப்போது பெர்மாத்தாங் பாவ் தொகுதி. தலைவரின் நாற்காலிக்கு வர, 2022 நவம்பர் 24 வரை காத்திருந்தார். இரண்டு முறை சிறை, 24 வருடம். அன்று மேடையில் பேசிய சாஹிட் அம்னோவுக்குத் தலைவரானார். 2023 ஜனவரியில் அவர் தலைமையிலான மாநாடு, தலைவர் பதவிக்கும் துணைத் தலைவர் பதவிக்கும் போட்டியே கிடையாது என்று தீர்மானம் போட்டது. எதிர்ப்பின் கஷ்டம் தெரிந்தவர், அடுத்தவருக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம் என்று நினைத்திருப்பார்.

இதையெல்லாம் சொல்வது மலாயாவிலேயே முதல் நகராட்சித் தேர்தல் நடந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு. ஜார்ஜ் டவுனில் 1951 டிசம்பர் 1ஆம் தேதி அது நடந்தது. 1957இல் இந்த மாநகரின் முதல் மேயரானவர் ஒரு தமிழர், டி.எஸ். ராமநாதன், அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. 1965இல் நகராட்சித் தேர்தலை நிறுத்தினார்கள். நிறுத்தியது நிறுத்தியதுதான். சாலை மட்டும் மிச்சம்.

கடைசியாக ஒரு வழி இருக்கிறது. கொஞ்சம் மெதுவான வழி. சுங்கை சிப்புட்டில் சாமிவேலுவைத் தோற்கடித்தவர் அவர் கட்சிக்காரர் யாரும் இல்லை. டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ், மலேசிய சோசலிசக் கட்சிக்காரர். 1999இல் நின்றார், தோற்றார். 2004இல் நின்றார், தோற்றார். 2008இல் 1,821 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்தத் தேர்தலுக்கு முன்பு நாடு முழுக்க இந்தியர்களின் கோபம் தெருவுக்கு வந்திருந்தது என்பதும் உண்மைதான். ஆனால் கோபம் வந்த நாளில் அந்த ஊரில் ஏற்கெனவே பத்து வருடமாக ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார், தோட்டத்து வீடுகளின் கதவு எண்வரை தெரிந்தவராக. கட்சிக்குள் 31 வருடம் முடியாததைக் கட்சிக்கு வெளியே வாக்காளர் பட்டியல் செய்தது. அந்தப் பட்டியல் தலைவர் வீட்டு அலமாரியில் இல்லை, பாருங்கள்.

இந்த வழிக்கு ஆள் சேர்ப்பது கஷ்டம். கோப்பிக்கடையில் தலைவரை எதிர்க்கிற பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு வேண்டியது துணைத் தலைவர் பதவி. எதிர்ப்பது அதற்கான விண்ணப்பப் படிவம். கிடைத்ததும், "தலைவர் மேல நமக்கு என்ன பகை, கொள்கை வேறுபாடுதானே" என்பார்கள். சிறிசேனவைத்தான் பாருங்கள். ஆப்பம் சாப்பிட்டு எதிர்த்த அதே மகிந்தவை 2018 அக்டோபரில் தாமே பிரதமராக நியமித்தார். எதிர்த்தவருக்கும் எதிர்க்கப்பட்டவருக்கும் நடுவில் நம்பி வாக்குப் போட்டவர்கள், அதிலும் வடக்கிலும் கிழக்கிலும் திரண்டு வந்து போட்ட நம் ஆள்கள், வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

எங்கள் பழைய பெர்ரியில் ஒரு வழக்கம் இருந்தது. தீவிலிருந்து பட்டர்வொர்த் போகக் காசு கிடையாது. பட்டர்வொர்த்திலிருந்து திரும்பி வரத்தான் காசு. தலைவரை எதிர்க்கக் கோலாலம்பூர் போன எத்தனையோ பேரை நான் அந்தப் பெர்ரியில் பார்த்திருக்கிறேன். போகும்போது மேல்தட்டில் நின்று காற்று வாங்கிக்கொண்டு, அடுத்த தலைவர் மாதிரி போவார்கள். திரும்பும்போது கீழே கார்களுக்கு நடுவில் நின்று, சில்லறைக்காகச் சட்டைப்பையைத் தடவிக்கொண்டிருப்பார்கள். 2020 முடிவோடு அந்தப் பெரிய பெர்ரிகளை நிறுத்திவிட்டார்கள். தடவுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

உங்கள் சங்கத்துக்கு ஆண்டுக்கூட்ட அறிவிப்பு வந்துவிட்டதா? அப்படியானால் தலைவரைப் பற்றி யோசிப்பதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, எழுந்து போய் அலமாரியைத் திறந்து சந்தா ரசீதைத் தேடி எடுங்கள். அதில் தேதி, தொகை, கையெழுத்து, முத்திரை நான்கும் இருக்க வேண்டும். சிகரெட் அட்டை செல்லாது.